போகபூமி உழைப்பும் கருமபூமி உணவும்



ஆதிபகவன் அருளிய அறுதொழில் வரலாற்றை நாம் பலகால் கேட்டிருக்கிறோம். போகபூமிக் காலம் முடிந்து கருமபூமி தோன்றிய வேளையில் கற்பக மரங்கள் வளம் குன்றின. வேண்டியதை வேண்டியவாறே தந்து வந்த மரங்கள் தாராதொழிந்தபோது மக்கள் பசியால் வாடினர், செய்வதறியாது முறையிட்டனர். பகவன் அவர்கட்கு அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களையும் கற்பித்தார். உழைத்து உண்ணும் முறை அன்று தொடங்கியது. ஸ்ரீபுராணம் படிக்கக் கேட்ட குடும்பங்களில் பிறந்தவர்க்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் அவ்வரலாற்றோடு சேர்ந்த மற்றொரு செய்தியை நாம் கருதிப் பார்ப்பது அரிது. போகபூமி மாந்தர் எவ்வளவு உண்டனர்? கேட்டது கிடைக்கும் நாட்டில் வாழ்ந்தவர்கள் வயிறு புடைக்க உண்டிருப்பர் என்றே எண்ணத் தோன்றும். ஆகமம் கூறுவது வேறு. உத்தம போகபூமியில் வாழ்ந்தோர் மூன்று நாட்கள் கழித்து ஒரு முறை, ஓர் இலந்தைக் கனியளவு உண்டனர். மத்திம போகபூமியில் இரண்டு நாட்கள் கழித்துத் தான்றிக்காயளவு. கடைநிலைப் போகபூமியில் ஒரு நாள் இடைவிட்டு நெல்லிக்கனியளவு. உழைப்பில்லாத நிலத்தில் உணவும் அவ்வளவே. கருமபூமியில் ஏர் பிடித்தவனோ வட்டில் நிறைய உண்டான். உண்டதை மாலைக்குள் வியர்வையாக்கி நிலத்திலே விட்டான். இரண்டு பூமிகட்கும் தத்தமக்குரிய வரவு செலவுக் கணக்கு இருந்தது.

இன்று நாம் வாழ்வது எந்தப் பூமியில் என்பதே நம் ஐயம். விசையைத் தட்டினால் தீபாங்க மரம் ஒளி தருகிறது. கைப்பேசியைத் தடவினால் போஜனாங்க மரம் வாயிலுக்கே வந்து மணியடிக்கிறது. தூரியாங்க மரமோ நம் வீடுகளில் நள்ளிரவு வரை ஓய்வதில்லை! உழைப்பளவில் நாம் போகபூமிக்குத் திரும்பிவிட்டோம். உணவை மட்டும் கருமபூமி அளவிலேயே, சில வீடுகளில் அதனினும் மிகுதியாக, வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் பாட்டனார் காலத்தை நினைத்துப் பார்ப்போம். வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் நம்மவர் பெரும்பாலும் உழவர். விடியுமுன் கவலை ஓட்டினர், பரம்படித்தனர், களத்தில் நெல் தூற்றினர். வீட்டுப் பெண்டிர் கிணற்றில் நீர் இறைத்தனர், உலக்கை பிடித்தனர், திரிகை சுற்றினர். அடுத்த ஊர் ஜினாலயத்திற்கு நடந்தே சென்றனர். அவர்கள் உண்ட கேழ்வரகுக் களியும் கூழும் சோறும் அவ்வுழைப்பிற்கு ஏற்றவை. அவர்தம் பேரர் இன்று சென்னையில் நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதுகிறார், அல்லது கணிப்பொறி முன் இருக்கிறார். ஆனால் இலையில் விழும் சோறு பாட்டனாருடையது. அதன்மேல் பாட்டனார் பண்டிகை நாளில் மட்டும் கண்ட நெய்யும் வறுவலும் இனிப்பும் நாள்தோறும் சேர்ந்திருக்கின்றன.

இந்த வேற்றுமை எவ்வளவு என்பதை எண்ணாலும் கூறலாம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டு வகுத்த அளவின்படி, 65 கிலோ எடையுள்ள ஆடவர் கடுமையான உடலுழைப்பு உடையவராயின் அவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய ஆற்றல் 3470 கிலோ கலோரி. அமர்ந்து பணிபுரிபவராயின் 2110 போதும். 55 கிலோ எடையுள்ள பெண்மணிக்கு இவ்வளவுகள் முறையே 2720, 1660. ஆடவர்க்குரிய வேறுபாடு 1360. அரிசிக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 390 கிராம். பாட்டனாரின் இலையிலிருந்து அவ்வளவு அரிசியின் சோற்றை எடுத்துவிட்ட பின்னரே அது பேரனின் இலையாகும்.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? மிகுந்த ஆற்றலை உடல் வீணாக்குவதில்லை, கொழுப்பாக்கிச் சேமிக்கிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7700 கிலோ கலோரிக்கு ஈடு. நாள்தோறும் 100 கிலோ கலோரி மிகையாக உண்டால், எழுத்துக் கணக்கில், 77 நாட்களில் ஒரு கிலோ ஏறும். உடல் பருக்கும்போது அதன் செலவும் சற்றே கூடுவதால் நடைமுறையில் இவ்வளவு விரைவாக ஏறுவதில்லை. ஆனால் ஏறும் திசை அதுவே. அந்த 100 என்பது ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிற்கும் குறைவு என்பதை இல்லத்தரசியர் கருத வேண்டும். மாச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கிலோ கலோரி தர, எண்ணெயும் நெய்யும் 9 தருகின்றன.

நம் தத்துவம் பயின்றோர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு என்று வினையின் வரவையும் செலவையும் சொல்லும் நெறி நம்முடையது. ஏரியை வற்றச் செய்ய விரும்புபவன் முதலில் வரத்துக்காலை அடைக்க வேண்டும். அதன் பின்பே மதகைத் திறத்தல் பயன் தரும். வரத்துக்காலைத் திறந்து வைத்துக்கொண்டு நீரை இறைப்பவன் ஆயுள் முழுதும் இறைத்துக்கொண்டே இருப்பான். உடம்பின் செய்தியும் இதனை ஒத்ததே. மிகையான உணவு ஊற்று. சேர்ந்த கொழுப்பு கட்டு. அளவு காத்தல் செறிப்பு. நடையும் உழைப்பும் உதிர்ப்பு. வினைப் புற்கலம் வேறு, கொழுப்பாகிய புற்கலம் வேறு என்பதை மறந்து இவ்வுவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தல் கூடாது. ஆனால் ஒரு மணி நேரம் நடந்து ஏறத்தாழ 200 கிலோ கலோரியைச் செலவிட்டுவிட்டு, வரும் வழியில் கடையில் இரண்டு போண்டாவும் சர்க்கரை மிகுந்த காப்பியும் உண்டு திரும்புபவர் எந்த ஏரியை இறைக்கிறார் என்று கேட்பதற்கு இவ்வுவமை உதவும்.

அளவு காத்தலுக்கு நம் ஆகமம் இட்ட பெயர் அவமோதரியம். வயிறு குறைய உண்ணல். புறத்தவங்கள் ஆறனுள் முதலாவது உபவாசமாகிய அனசனம், இரண்டாவது இஃது. ஆடவர்க்கு இயல்பான முழு உணவு 32 கவளம் என்றும், பெண்டிர்க்கு 28 என்றும் வகுத்து, அதினின்று ஒவ்வொரு கவளமாகக் குறைத்துக்கொண்டு செல்வதைத் தவம் என்றனர் முன்னோர். உரைகாரர் கவளத்திற்கும் அளவு சொல்கின்றனர்: ஆயிரம் அரிசி ஒரு கவளம்.

நாம் ஒரு கணக்கிட்டுப் பார்த்தோம். ஆயிரம் அரிசி, வகைக்கேற்ப, ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் எடை கொள்ளும். 32 கவளமாயின் 480 முதல் 640 கிராம். அதன் ஆற்றல் ஏறத்தாழ 1700 முதல் 2250 கிலோ கலோரி. அமர்ந்து பணிபுரியும் ஆடவர்க்கு இன்றைய அறிவியல் சொல்லும் 2110 இதற்குள் அடங்குகிறது. பெண்டிர்க்குரிய 28 கவளத்திற்குக் கணக்கிட்டாலும் 1660 உள்ளேயே நிற்கிறது. முன்னோர் கிலோ கலோரியை அறிந்திருந்தனர் என்று பெருமை பேச நாம் இதைக் கூறவில்லை. அவ்வாறு பேசுவது வீண். ஒரு மனிதன் எவ்வளவு உண்டால் நிறைவான் என்பதை அவர்கள் உற்றுநோக்கி எண்ணியிருந்தனர் என்பதே நாம் கூறுவது. ஒன்றை மறத்தல் ஆகாது. முனிவர்க்கு அந்த 32 கவளம் ஒரு நாளைக்கு ஒரே வேளை. அதனையே மூன்று வேளைக்கும் உரிய அளவாகக் கொண்டு, இடையில் இரண்டு சிற்றுண்டியும் சேர்த்துக்கொள்ளும் இல்லறத்தார் எண்ணிக்கையை மட்டும் கற்று வேளையை விட்டவராவர்.

உபவாசத்தை நாம் போற்றுகிறோம். தசலக்ஷண பர்வத்தில் பத்து நாள் உபவாசம் காத்தவர்க்கு மாலையிட்டுச் சிறப்புச் செய்கிறோம், அது முறையே. ஆனால் ஆண்டு முழுதும் இலையில் இரண்டு கவளம் குறைத்து எழுந்தவர்க்கு மாலையிட்டதை நாம் எங்கும் கண்டதில்லை. பசித்தவன் உண்ணாதிருத்தல் அரிது. சுவையான உணவு முன்னிருக்க, கை பாதி வழியில் இருக்க, போதும் என்று நிறுத்துதல் அதனினும் அரிது என்று சொல்லலாம். அனசனத்தில் ஒரு முறை உறுதி செய்தால் போதும். அவமோதரியத்தில் ஒவ்வொரு வேளையும் புதிதாக உறுதி செய்ய வேண்டும். யாரும் காணாத தவம் என்பதாலேயே அது நம்மிடையே கைவிடப்பட்டது போலும்.

நம் உபவாச முறையிலும் ஒரு பிறழ்ச்சி புகுந்திருக்கிறது. அட்டமி, சதுர்த்தசி நாட்களுக்குரிய புரோஷதோபவாசம் மூன்று நாள் ஒழுக்கம். முதல்நாள் ஒரு வேளை உணவு, மறுநாள் உபவாசம், அதற்கடுத்த நாளும் ஒரு வேளை உணவு. இன்றோ, நாளை உபவாசம் என்று முதல்நாள் மூன்று வேளையும் மிகுத்து உண்ணுகிறோம். பாரணை நாளில் பாயசமும் வடையுமாக விட்டதை வட்டியோடு பிடிக்கிறோம். மூன்று நாள் கணக்கைக் கூட்டினால் ஒரு கவளமும் குறைந்திராது. ஆதிபகவன் ஆறு திங்கள் யோகத்தில் நின்று, அதன் பின்னும் முறையறிந்து உணவளிப்பார் இன்றித் திரிந்து, முடிவில் அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் அளித்த கரும்புச்சாற்றைக் கையில் ஏற்று அருந்தினார். அந்நாளே அக்ஷய திருதியை. அன்று பொன் வாங்க நகைக்கடையில் நிற்கும் நமக்கு, ஓராண்டுக்கு மேற்பட்ட உபவாசத்தின் பாரணை எத்துணை எளிமையாயிருந்தது என்பது நினைவுக்கு வருவதில்லை.

அடுத்து, நம்மிடையே பரவியுள்ள ஒரு செருக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊன் உண்ணோம், கள் உண்ணோம், தேனும் ஐவகை அத்திப் பழங்களும் விலக்கினோம். ஆகவே நோய் நம்மை அணுகாது என்று சொல்வாரைக் காண்கிறோம். எட்டு மூலகுணங்கள் கொல்லாமைக்காக ஏற்பட்டவை. அவை சர்க்கரை நோய்க்கு இட்ட வேலி அல்ல. 2023இல் வெளியான அனைத்திந்திய ஆய்வு நம் நாட்டில் சர்க்கரை நோயாளர் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் எனக் கணக்கிட்டது. அவர்களுள் சைவ உணவினர் இல்லையென்று யார் சொல்வார்? வெள்ளைச் சோறும் மைதாவும் சர்க்கரையும் வனஸ்பதியும் கூட உயிர்க்கொலையின்றிக் கிடைப்பனவே. அவை விரதத்தைக் குலைக்கமாட்டா; உடம்பைக் குலைக்கும். நம் இனத்தவர் ஆசிய உடலமைப்பினர் ஆதலின், ஆடவர்க்கு இடைச்சுற்று 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் கடப்பதே எச்சரிக்கை என மருத்துவர் கொள்கின்றனர். எடை பார்க்கும் கருவி இல்லாத வீட்டிலும் தையல் நாடா ஒன்று இருக்கும்.

குறைய உண்ணல் என்றவுடன் எல்லாவற்றையும் ஒருசேரக் குறைத்துவிடுதல் மற்றொரு தவறு. உழைப்புக் குறைந்தால் குறைவது ஆற்றலின் தேவை மட்டுமே. புரதம், இரும்புச்சத்து, வைட்டமின் ஆகியவற்றின் தேவை அதே விகிதத்தில் குறைவதில்லை. மேற்சொன்ன ஆடவர்க்கு நாளொன்றுக்குப் புரதம் 54 கிராமும், பெண்மணிக்கு 46 கிராமும் வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் அளவு. ஆகவே குறைக்க வேண்டியவை சோறு, எண்ணெய், இனிப்பு. பருப்பையும் பயற்றையும் கீரையையும் காயையும் அல்ல. நம் வீடுகளில் நிகழ்வதோ நேர்மாறு. சாம்பாரில் பருப்பு தேடிக் கண்டெடுக்க வேண்டியதாயிருக்கிறது. சோறு குன்றாக இருக்கிறது. 2024இல் அந்நிறுவனம் வெளியிட்ட 2000 கிலோ கலோரி உணவுத்தட்டில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பாலோ தயிரோ 300 மில்லிலிட்டர், கொட்டைகளும் எள் முதலிய வித்துக்களும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று வகுத்துள்ளனர். இதில் ஊன் இல்லாமலே கணக்கு நிறைகிறது என்பதை நம் பிள்ளைகட்குக் காட்டலாம். கல்லூரி விடுதியில் அவர்களைக் கேலி செய்வோர்க்கு அவர்கள் மறுமொழி சொல்ல அது உதவும்.

கிழங்கு, வெங்காயம், பூண்டு விலக்கியோர்க்கு இதனால் குறை நேருமோ என்று கேட்கின்றனர். நேராது. கிழங்கு தருவது பெரும்பாலும் மாச்சத்தே. அது நமக்கு மிகுதியாகவே கிடைக்கிறது. காரட்டு தரும் வைட்டமின் ஏ முருங்கைக்கீரையிலும் பரங்கிக்காயிலும் பப்பாளியிலும் மாம்பழத்திலும் உண்டு. ஆனால் வைட்டமின் பி12 மட்டும் தாவர உணவில் நம்பத்தக்கவாறு கிடைப்பதில்லை. பாலும் தயிருமே நமக்கு அதன் வாயில். ஆதலின் பாலையும் விட்டவர்கள், முதியோர், சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் உண்போர் மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கைகால் மரத்துப்போதலையும் மறதியையும் முதுமை என்று தள்ளிவிடக் கூடாது.

நம் பெண்மக்களைப் பற்றித் தனியே ஒரு சொல். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்டிருள் நூற்றுக்கு 57 பேர் இரத்தச்சோகை உடையவர் என்றது. எல்லோர்க்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்ணும் தாய்க்கு அவமோதரியத்தை நாம் உபதேசிக்க வேண்டுவதில்லை. அவர் வேண்டாமலே அதனைச் செய்துகொண்டிருக்கிறார். விரும்பி ஏற்காத குறைவு தவமாகாது. கருவுற்ற பெண்ணுக்கு வழக்கத்தினும் 350 கிலோ கலோரியும், பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு திங்களில் 600ம் கூடுதலாக வேண்டும். கீரையும் பயறும் எள்ளும் அவர்கள் இலையில் முதலில் விழட்டும். உடன் எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். உணவோடு காப்பியோ தேநீரோ அருந்தினால் அச்சேர்க்கை தடைப்படும்.

இரவுண்ணாமையைப் பற்றி இதழ்தோறும் எழுதுகிறோம். ஒன்று மட்டும் இங்கே. ஒரே உணவு காலையில் ஏற்றும் இரத்தச் சர்க்கரையினும் இரவில் ஏற்றுவது மிகுதி என்று உடலியலார் கண்டுள்ளனர். கொல்லாமைக்காக ஏற்ற விரதம் உடம்பிற்கும் நன்மை செய்கிறது. பணியிடத்திலிருந்து இருட்டிய பின் திரும்புவோர் மாலை ஐந்தரை மணிக்கு அங்கேயே உண்ண இரண்டாவது அடுக்கு ஒன்றைக் கொண்டு செல்லலாம். அவ்வாறு செய்வோர் சிலரை நாம் அறிவோம். இனி இரவு முழுதும் உண்ண முடியாதே என்று அஞ்சி, மாலையில் இரண்டு வேளை உணவையும் ஒன்றாக உண்பதோ விரதத்தின் பெயரால் நிகழும் வேடிக்கை.

உபவாசம் மேற்கொள்ளும் முதியோரிடம் கைகூப்பி ஒன்று கேட்கிறோம். தீர்த்தங்கரத்துவத்திற்கு ஏதுவாகிய பதினாறு பாவனைகளுள் தவத்தைக் குறிக்குமிடத்து, ஆற்றலுக்கேற்ற தவம் என்றே ஓதப்படுகிறது. இன்சுலின் ஊசியோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ கொண்டுவிட்டு உண்ணாதிருந்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, மயக்கமும் சில வேளை உயிருக்கு ஏதமும் நேரும். மருந்தைத் தாமே நிறுத்திவிட்டு உபவாசமிருப்பதும் அதே அளவு தீங்கு. பர்வத்திற்குப் பல நாள் முன்னரே மருத்துவரைக் கண்டு, எந்த விரதம் இயலும், மருந்தின் அளவை எவ்வாறு மாற்றுவது என்று கேட்டறிந்து கொள்க. இயலாது என்று அவர் சொல்வாராயின், சுவைகளுள் ஒன்றை விடும் ரசபரித்தியாகமும் தவமே. இனிப்பைவிட அவர்கட்கு ஏற்ற ரசம் வேறு யாது? சுவையை விட்டவர் உண்ணாதிருந்தவரினும் தாழ்ந்தவர் என்று எந்த ஆகமத்திலும் இல்லை. இதனை அவர்தம் மக்களும் மருமக்களும் அறிந்து, விரதம் இருக்கவில்லையா என்று கேட்டு முதியோரை நாணச் செய்யாதிருக்க வேண்டும்.

முனிவர் எதற்காக உண்கின்றனர் என்று மூலாசாரம் ஆராய்கிறது. வலிமைக்கோ நீண்ட ஆயுளுக்கோ சுவைக்கோ உடம்பு பருப்பதற்கோ அன்று. ஞானத்திற்கும் அடக்கத்திற்கும் தியானத்திற்குமே என்பது அங்குள்ள கருத்து. முனிவர் உணவை வண்டியச்சிற்கு மையிடுவதற்கும் ஒப்பிடுவர். மை இல்லையேல் அச்சு கிறீச்சிட்டுத் தேய்ந்து, சரக்கு ஊர் சேராது. மிகுத்து இட்டாலோ வழிந்து புழுதியைச் சேர்த்துக்கொள்ளும். வண்டியோட்டி மைக்குடத்தைக் கவிழ்ப்பதில்லை. ஒரு குச்சியால் தொட்டு இடுகிறான். நம்மூரில் வண்டி பூட்டிய தலைமுறையினர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களைக் கேட்டால் எவ்வளவு இட வேண்டும் என்பதைச் சொல்வர்.

முனிவர்க்கு ஆகாரதானம் செய்யும் பேறு வாய்த்த இல்லங்களில் ஒன்றைக் கண்டிருப்பீர்கள். அவர் நின்றவாறே இரு கைகளையும் கூட்டி ஏற்கிறார். கூட்டிய கையை விடுத்துவிட்டாராயின் அவ்வேளை உணவு முடிந்தது. அதன் பின், இன்னும் ஒரு கவளம் என்று எவரும் வற்புறுத்துவதில்லை. பாத்திரத்தைப் பின்னே வாங்கிக்கொண்டு வணங்கி நிற்கிறோம். அதே இல்லத்தில், மறுநாள் வந்த உறவினர் இலையின்மேல் கையைக் கவித்துப் போதும் என்கிறார். அவர் விரல்களின் இடைவழியே நெய்ச்சோற்றை இடுவதை நாம் உபசாரம் என்று எண்ணுகிறோம். வரும் நந்தீசுவர பர்வ நாட்களில் நம் ஜினாலய மண்டபங்களில் பந்தி நடக்கும்போது, கை கவித்தவர் இலையை விட்டுப் பரிமாறுவோர் அடுத்த இலைக்குச் செல்லட்டும். பருப்புக் கரண்டி வைத்திருப்பவர் மட்டும் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம்.